முடிவு தெரியாத வேடம்

மேடையில் கட்டபொம்மனாக நிற்கிறவனுக்கு, தான் தூக்கில் தொங்கப்போகும் கயத்தாற்றுப் புளியமரம் தெரியும். முதல் வசனம் பேசும்போதே அந்த மரத்தை நோக்கித்தான் அவன் நடக்கிறான். சீரியல் நடிகனுக்கு அப்படி ஒரு மரம் கிடையாது. மேக்கப் போடும்போதுதான் சீன் பேப்பர் கைக்கு வரும். சில நாள் அதுவும் வராது. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, வாங்கிப் பேச வேண்டும். பிராம்ப்டிங் என்று சிலர் இளக்காரமாகச் சொல்வார்கள். காது அடுத்த வரியை வாங்கும் நேரத்தில், முந்தைய வரியின் கோபம் கண்ணில் வடியாமல் நிற்க வேண்டும். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும்.

எங்கள் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் வீடுகளில் வசனம் பாதிதான் காதில் விழும். முகத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொள்வார்கள். அங்கே பொய்யான ஒரு பார்வை தப்பாது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில், சீரியலில் என் வில்லத்தனத்தைப் பார்த்த ஓர் ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏய்யா, அந்தப் பிள்ளைய ஏன் இந்தப் பாடு படுத்துத?" என்று கேட்டார். கோமதியம்மன் தபசின் முடிவில் சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுப்பார் என்பது அவருக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். ஆனாலும் வருஷா வருஷம் வெயிலில் வந்து நிற்கிறார். என் பாத்திரம் திருந்துமா என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முடிவு தெரியாத அந்த மனிதனை இன்று ஒரு நாளைக்கு மட்டும் முழுதாக நம்பி நடிப்பதுதான் இந்த வேலை.

அதைச் சிறப்பாகச் செய்தவர் ஜி. மாரிமுத்து. 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை இயக்கியவர். 'பரியேறும் பெருமாள்' படத்தில் கதாநாயகியின் அப்பாவாக வந்தவர். 2022-ல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரின் ஆதி குணசேகரன்தான் அவரை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தான். வீட்டுப் பெண்களை அடக்கி ஒடுக்கும் அண்ணன். ஜனங்கள் அவனைத் திட்டினார்கள், அவன் வரும் காட்சிக்காகவே காத்தும் இருந்தார்கள். மாரிமுத்து அவனுக்காக வக்காலத்து வாங்கவில்லை, கோமாளியாக்கவும் இல்லை. தான் செய்வதுதான் நியாயம் என்று அவன் நம்புவதை மட்டும் முகத்தில் வைத்திருந்தார்.

2023 செப்டம்பர் 8 அன்று காலை, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து இறந்துபோனார். குணசேகரனின் முடிவு அவருக்குத் தெரியாமலே போயிற்று. தொடர் நிற்கவில்லை, வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். ஊரே மனப்பாடமாக வைத்திருந்த ஒரு முகத்துக்குப் பதிலாகத் தன் முகத்தைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! 'குற்றப் பரம்பரை' நாவலை எழுதிய கை அவருடையது. அந்த முதல் நாள் படப்பிடிப்பை அவரே விரிவாக எழுத வேண்டும். அதைப் படிக்க ஆசையாக இருக்கிறது.