மலேசியாவில் ‘கெடாய்’, துபாயில் ‘பாக்கி’... திருக்காட்டுப்பள்ளிக்காரருக்குப் பாதி மொழி ஏற்கெனவே தெரியும்!

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் ஊர் திருக்காட்டுப்பள்ளி. தஞ்சாவூர் ஒரு பக்கம், திருச்சி மறுபக்கம். இந்தப் பகுதியிலிருந்து வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்குத் திருச்சி விமான நிலையம்தான் வாசல்.

பயணிகளுக்கான மொழிப் புத்தகங்கள் ‘காலை வணக்கம்’, ‘அருங்காட்சியகம் எங்கே?’ என்று ஆரம்பிக்கும். சம்பாதிக்கப் போகிறவருக்கு அருங்காட்சியகம் எதற்கு?

மலேசியா என்றால் பயமே வேண்டாம். மலாய் மொழியில் கடைக்கு ‘கெடாய்’, பெட்டிக்கு ‘பெத்தி’, கட்டிலுக்கு ‘காத்தில்’, கப்பலுக்கு ‘காப்பால்’. எல்லாம் நம் வணிகர்கள் கொண்டுபோய்விட்ட சொற்கள். ‘கோலம்’ என்று பார்த்து வாசல் கோலம் என்று நினைத்துவிடக் கூடாது, அது குளம். ஆங்கில எழுத்திலேயே எழுதுவதால் பெயர்ப்பலகையையும் படித்துவிடலாம். மருந்துக்கடை ‘கெடாய் உபாத்’. வலி, நோய் இரண்டுக்கும் ‘சாக்கிட்’. சம்பளம் ‘காஜி’. உதவி கேட்க ‘தோலோங்’, நன்றி சொல்ல ‘தெரிமா காசே’.

வளைகுடா கொஞ்சம் கஷ்டம். ஆனாலும் நிலவரி ரசீதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அரபி முற்றிலும் அந்நியம் இல்லை. பசலி, மகசூல், வசூல், தாலுகா, பாக்கி எல்லாமே அரபியிலிருந்து வந்தவை. மீதிச் சில்லறை கேட்க ‘பாக்கி’ என்றாலே கடைக்காரருக்குப் புரியும். அங்கே பல நாட்டுத் தொழிலாளர்களும் பேசும் உடைந்த அரபியில் ‘ஃபீ’ என்றால் இருக்கிறது, ‘மாஃபீ’ என்றால் இல்லை. ‘மாஃபீ ராத்திப்’ என்றால் சம்பளம் வரவில்லை. ‘அனா மரீத்’ என்றால் எனக்கு உடம்பு சரியில்லை. பாஸ்போர்ட் ‘ஜவாஸ்’, தூதரகம் ‘சிஃபாரா’. இந்த நான்கையும் ஊரிலேயே மனப்பாடம் செய்துவிட வேண்டும்; சிக்கல் வந்த பிறகு கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

பேச்சைவிட ஏமாற்றுவது எண்கள். அரபி எழுத்தில் பூஜ்ஜியம் வெறும் புள்ளி. ஐந்துதான் வட்டமாக நம் பூஜ்ஜியம் போல இருக்கும். ஆறு, நம் 7 போலத் தெரியும். 1500 என்பது ஒரு கோடு, ஒரு வட்டம், இரண்டு புள்ளிகள். பழக்கமில்லாத கண்ணுக்கு அது பத்து! நல்லவேளை, எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண்களை நம்மைப்போல இடமிருந்து வலமாகத்தான் எழுதுகிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் சம்பளத் தொகையை இப்படி ஒருமுறை விரல் வைத்துப் படித்துப் பார்க்கலாம்.