சிம்மத்துக்குப் பூசும் கையால் ஒரு கிட்டார்

பெரிய கோயில் வாகனங்களுக்குத் தங்கத்திலோ வெள்ளியிலோ தகடு உண்டு. ஊர்க்கோயில் வாகனத்துக்குப் பெயிண்ட்தான் தகடு. வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவை முடிந்ததும், ஆடித் திருவிழாவுக்காக அக்கம்பக்கத்து ஊர் வாகனங்கள் காஞ்சிபுரத்துப் பட்டறைகளுக்கு வந்து சேர்கின்றன. சின்னக் காஞ்சிபுரத்துச் சந்து ஒன்றில் அப்படி வந்திருந்த சிம்மத்துக்கும் மயிலுக்கும் நடுவே, கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரின் உடல். கழுத்து இல்லை, கம்பி இல்லை, வெறும் தேக்குப் பலகை.

அதைச் செய்தவர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அப்பா தறியில், மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் தொழிற்சாலையில். இங்கே பல வீடுகளில் இப்போது இதுதான் கதை. “‘சாமிக்குப் பூசுற கை, எனக்குப் பூசாதாண்ணா’ன்னு கேட்டான். மறுக்க முடியல” என்றார் பட்டறை மாஸ்டர்.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. தின்னர் தொட்ட துணியால் துடைக்காமல் பூசினால் பூச்சு பிடிக்காது. துடைத்த பிறகு, முந்தின நாளே ஸ்பிரிட்டில் ஊறவைத்த அரக்கைப் பஞ்சுப் பொட்டலத்தால் தேய்க்கிறார். ரம்பம் நாரைக் குறுக்கே அறுத்த ஓரங்களுக்கு மட்டும் கை திரும்பத் திரும்பப் போகிறது. அங்கே மரத்தின் நுண்குழாய்கள் வாய் திறந்து கிடக்கின்றன. கொடுக்கக் கொடுக்கக் குடிக்கும். அதை அடைக்காமல் விட்டால் ஈரம் அந்த வழியாக ஏறி, மேலே பெயிண்ட் உப்பி உரியும். “வாகனத்துல பாதம்தான் முதல்ல போகும். அடிப்பக்கத்தை யாரு பார்க்கப் போறாங்கன்னு விட்டுடுவாங்க.” சிம்மத்தைச் சாய்த்துக் காட்டினார். மேலே மஞ்சள் மினுங்க, பாதத்தின் அடியில் பூச்சே காணாத மரம் கறுத்துப் பொடிந்திருந்தது.

அப்புறம் பட்டி, உப்புத்தாள், பிரைமர், மறுபடி தண்ணீர் தொட்டு உப்புத்தாள். கழுத்து உட்காரும் பள்ளத்தை மட்டும் மாஸ்க்கிங் டேப்பால் மூடிவிடுகிறார். அங்கே பெயிண்ட் ஏறினால் கழுத்து சரியாக இறங்காது. வாகனத்தில் தண்டு கோக்கும் இடத்தையும் இப்படித்தான் விடுவாராம்.

நிறம், கார் பெயிண்ட். அமெரிக்காவில் லியோ ஃபெண்டரின் கம்பெனியும் 1950களில் டூபாண்டின் கார் பெயிண்டைத்தான் கிட்டாருக்கு அடித்தது. வீணையில் இப்படித் தடிமனாக ஏற்றினால் நாதம் அமுங்கும். அங்கே குடத்தின் மேல்பலகை அதிர்ந்தாக வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரிலோ கம்பியின் அசைவைப் பிடிப்பது பிக்கப்பில் உள்ள காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும். பூச்சு மாறினால் நாதமே மாறிவிடும் என்று சத்தியம் செய்யும் கிட்டார்காரர்கள் உண்டு. நான் காந்தத்தின் கட்சி.

கடைசிப் பளபளப்புக்கு, இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) கிளியர். இதன் ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். ஸ்ப்ரே புகையாக மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே இழுக்கும். ஸ்ப்ரே கன் பிடித்திருந்த உதவியாளர் மூக்கில் கட்டியிருந்தது ஈரிழைத் துண்டு. “ராத்திரியில இருமல் வரும் சார். பழகிடுச்சு.”

ஓரமாக நின்ற கிட்டார் சொந்தக்காரர், “எங்க கம்பெனியில மாஸ்க் இல்லாம பெயிண்ட் ஷாப்புக்குள்ள விடவே மாட்டாங்கண்ணா” என்றார். மாஸ்டர் சிரித்தார். வாகனத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுகிற கூலி. பெயிண்டும் உப்புத்தாளும் ஆள்கூலியும் அதற்குள் அடங்கியாக வேண்டும். மாஸ்க் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

வாகனத்துக்குப் பெயிண்ட் அடிக்கக் கொடுக்கும் விழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். எஸ்டிமேட் எழுதும்போது, கரி வடிகட்டி வைத்த முகமூடிக்கும் ஒரு வரி சேருங்கள். துண்டு இந்தப் புகையைத் தடுக்காது.