வேர் பார்க்கத் தெரிந்தவர்கள்

ஆனி பிறந்தால் உத்திரமேரூர்ப் பக்கத்து நாற்றங்கால்களில் வேப்பங்கொட்டைக்கு அவசரம். பழுத்து விழுந்ததைப் பொறுக்கி, சதை போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு மூன்று வாரத்துக்குள் பாத்தியில் போட்டாக வேண்டும். தள்ளிப்போட்டால் முளைப்புத்திறன் மளமளவெனக் குறையும். கருவேலம் வேறு ரகம். தோல் கெட்டி என்பதால் சுடுநீரில் ஊறவைத்து விதைப்பார்கள். ஆடு தின்று கழித்த விதை நன்றாக முளைக்கும். அதைப் பட்டியிலேயே பொறுக்குவதும் உண்டு.

நான் போன நாற்றங்காலில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். செம்மண், மணல், மக்கிய எரு கலந்து பையில் நிரப்பி, தரையில் இரண்டு தட்டுத் தட்டுகிறார்கள். கன்றை எடுத்ததும் கண் முதலில் வேருக்குத்தான் போகிறது. ஆணிவேர் நீண்டிருந்தால் மடித்துத் திணிப்பதில்லை. நுனியைக் கிள்ளி, குச்சியால் குழியை ஆழமாக்கி நேராக இறக்குகிறார்கள். கன்று வளர வளர பைகளைத் தூக்கி இடம் மாற்றுகிறார்கள். இல்லாவிட்டால் வேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்கிவிடும், எடுக்கும்போது அறுபடும். பைக்குள்ளேயே சுருண்ட வேரோ மரம் பருத்த பிறகும் பிடிமானம் தராது.

பிடிமானம் இல்லாததன் விலை பெரிது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. காற்றோடு, வேருக்கு இடம் விடாத சிமென்ட் தரையும் கண்டபடி கிளை வெட்டியதும் சேர்ந்துகொண்டன.

கிளை வெட்டுவதற்கும் முறை உண்டு. கனத்த கிளையை முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுக்க வேண்டும். பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்துக் கிளையை விழவிட வேண்டும். மிஞ்சிய கட்டையைக் கடைசியில், தண்டோடு சேரும் இடத்திலுள்ள புடைப்புக்கு வெளியே எடுக்க வேண்டும். அந்தப் புடைப்பு இருந்தால்தான் காயம் மூடும். ஒரே வெட்டாக வெட்டினால் பட்டை தண்டு வரை உரிந்துவிடும்.

அனுபவத்தை மதித்த ஊர் உத்திரமேரூர். இங்குள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921இல், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று வகுத்தது. இவற்றில் முன்பே பணியாற்றியவர்களையும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையும் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு எடுக்கச் சொன்னது.

இன்று காட்டுத் தொழிலைப் படிக்க வழிகள் உள்ளன. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நான்கு ஆண்டு வனவியல் பட்டப்படிப்பு. தேர்வெழுதி வேலைக்கு வரும் வனக் காப்பாளர்களுக்கு வைகை அணையில் பயிற்சி. ஆனால் பாத்தியோரம் குந்தி வேர் பார்க்கும் பெண்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. அவர்கள் இன்றும் தினக்கூலிகள்.

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 ஆக்க முனைகிறது. அதற்கு வேண்டிய கன்றுகள் இவர்களைப் போன்றோர் கையால்தான் வளர வேண்டும். குறுகிய காலப் பயிற்சி, செய்முறைத் தேர்வு, சான்றிதழ், அதற்கேற்ற கூலி: இவற்றை உத்திரமேரூர் வட்டத்திலேயே தொடங்கலாம். பாடம் நடத்தவும் இந்தப் பெண்களையே அழைக்கலாம்.