ஒரே கட்டம்

விருத்தாசலத்தில் நடைபெற்ற பள்ளிகளுக்கிடையிலான சதுரங்கப் போட்டிக்கு மங்கலம்பேட்டையிலிருந்து நாங்கள் நால்வர் சென்றிருந்தோம். எங்களுள் ஒருத்தி, ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினாள். எதிரே இருந்த மாணவி தன் ராஜாவின் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தினாள். "பயந்துவிட்டாள்!" என்று எண்ணிச் சிரித்தோம். எங்கள் சிரிப்பை நம்பி அவசரப்பட்ட தோழி தோற்றாள். திரும்பும் பேருந்தில், "இனி ஆடமாட்டேன்" என்று அழுதாள். எங்களுக்கு வெட்கமாயிற்று.

மறுநாள் எங்கள் அருட்சகோதரி ஓர் ஆட்டத்தைப் பலகையில் வைத்துக் காட்டினார். 2024 நவம்பர் 25, சிங்கப்பூரில் உலக வாகையர் போட்டியின் முதல் ஆட்டம். நம் சென்னை குகேஷ் அதே இரண்டு கட்டம். சீனாவின் டிங் லிரென் அதே ஒரு கட்டம்! அதற்குப் 'பிரெஞ்சுத் தடுப்பு' என்று பெயராம். அடுத்த நகர்விலேயே ராணியின் சிப்பாய் பாய்ந்து வந்து நடுக்களத்தைத் தாக்குகிறது. 42 நகர்வுகளில் குகேஷ் தோற்றார். ஆயினும் அவர் எழுந்து போய்விடவில்லை. மூன்றாம் ஆட்டத்தில் வென்றார். டிசம்பர் 12 அன்று பதினான்காம் ஆட்டத்தையும் வென்று, 18 வயதில் உலக வாகையரானார்.

தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டு காய்களை அடுக்கினாள். இரண்டு கட்டம் நகர்த்தினாள். நாங்கள் ஒரே கட்டம் நகர்த்தினோம். இம்முறை எவரும் சிரிக்கவில்லை. அடக்கம் வேறு, அச்சம் வேறு என்று கற்றுக்கொண்டோம்.