சூடு பட்டால் சுருங்கும் ஸ்லீவ்

மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் போனால், கருப்பும் சிவப்புமாகச் சுருள் சுருளாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் விற்கிறார்கள். பெயர் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். லேப்டாப் சார்ஜர் வயர் அறுந்தால் கருப்பு டேப்பைச் சுற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சமாச்சாரம்.

டேப்பின் லட்சணம் மே மாதம் தெரியும். மெட்ராஸ் வெயிலில் பசை இளகி, கையில் பிசுபிசுவென்று ஒட்டி, தானாகவே பிரிந்துகொள்ளும். ஸ்லீவ் பிரியாது. சூடு காட்டினால் இன்னும் இறுகும்!

பிளாஸ்டிக் என்றால் சூட்டில் உருகத்தானே வேண்டும்? இங்கேதான் விஷயம். பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக்கில் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, மூலக்கூறு சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகிறார்கள். பிறகு குழாயைச் சூடாக்கி, விரித்து, விரித்தபடியே குளிரவைக்கிறார்கள். உள்ளே உறையும் படிகங்கள் அதைச் சுருங்கவிடாமல் பிடித்து வைக்கின்றன. மறுபடி 100 டிகிரி வாக்கில் சூடு பட்டால் படிகங்கள் உருகும், முடிச்சுகள் அவிழாது. குழாய் பழைய அளவுக்கே திரும்பிவிடும். 1957-ல் அமெரிக்காவில் பால் குக் தொடங்கிய ரேகெம் நிறுவனம்தான் இதில் முன்னோடி.

2:1 என்றால் 6 மி.மீ. குழாய் 3 மி.மீ. ஆகும். 3:1 வகையில் பெரும்பாலும் உள்ளே பசைப் பூச்சு உண்டு. அது உருகி இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்வதால் தண்ணீர் நுழையாது. மயிலாப்பூர், தி.நகர் மாதிரி இடங்களில் கரண்ட் பெரும்பாலும் தரைக்கடியில் கேபிளில்தான் வருகிறது. மழை நாளில் அந்தக் கேபிளின் பலவீனமான இடம் ஜாயின்ட்தான். இதே சுருங்கும் குழாயின் தடித்த அண்ணன்தான் அங்கே காவல்.

வீட்டில் செய்பவர்களுக்கு: லைட்டர் வேண்டாம், கருகிவிடும். ஹாட் ஏர் கன் உத்தமம். முக்கியமாக, ஸ்லீவ் வெறும் சட்டைதான். உள்ளே வயரை வெறுமனே முறுக்கி விட்டிருந்தால் ஜாயின்ட் சூடேறிக்கொண்டே இருக்கும், வெளியே பார்க்க மட்டும் கம்பெனி வேலை போல் பளபளக்கும். டேப்பாவது பிரிந்து காட்டிக்கொடுக்கும், இது காட்டிக்கொடுக்காது. ஆகவே முதலில் ஒழுங்காக சால்டர் வையுங்கள். 230 வோல்ட் பக்கம் அறுந்திருந்தால் வயரையே மாற்றிவிடுங்கள்.

அப்புறம், சால்டர் வைப்பதற்கு முன்பே ஸ்லீவை வயரில் கோத்துத் தள்ளி வைக்க வேண்டும். முதல் தடவை செய்கிற முக்கால்வாசிப் பேர் அதை மறந்து, வைத்த சால்டரைத் திரும்ப உருக்குகிறார்கள் :-)