தேயிலைத் தோட்டத்தில் புலிகள்

நெடுநாளாகத் தள்ளிப் போட்டு வந்த பயணம் கடந்த பள்ளி விடுமுறையில்தான் கைகூடியது. ஜாகர்த்தாவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் வாடகை வேனில் புறப்பட்டோம். நான், துணைவியார், பிள்ளைகள் இருவர், எழுபத்திரண்டு வயதான என் தாயார். போக வேண்டிய இடம் போகோருக்கு அப்பால், சிசாருவா மலைச்சரிவில் இருக்கும் தாமான் சஃபாரி.

சியாவி வரை ஜாகோராவி நெடுஞ்சாலை. 1978-இல் திறக்கப்பட்ட இதுதான் இந்தோனேசியாவின் முதல் கட்டணச் சாலை. அதில் வண்டி பறந்தது. அதற்கு மேல் புஞ்சாக் மலைப்பாதை. வார இறுதியில் அங்கே ஏறுகிற வண்டிகளுக்கு ஒரு நேரம், இறங்குகிற வண்டிகளுக்கு ஒரு நேரம். அந்த நேரம் தப்பினால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். விடியுமுன் புறப்பட்டதன் காரணம் இதுவே.

பூங்காவுக்குத் திரும்பும் கிளைச்சாலையின் இருமருங்கிலும் காரட் கடைகள். தழையோடு கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டு, "வோர்த்தல்! வோர்த்தல்!" என்று கூவுகிறார்கள். தோட்டத்து மலாய் சரளமாகப் பேசும் அம்மாவுக்கு 'லோபாக் மேரா' தெரியும்; இது புரியவில்லை. டச்சுக்காரன் விட்டுப்போன சொல் என்றேன்.

"நமக்கு வெள்ளைக்காரன் பெரட்டை விட்டுட்டுப் போன மாதிரியா?" என்றார். இரண்டு கட்டு வாங்கிக்கொண்டோம்.

உள்ளே நம் வண்டியிலேயே மெதுவாக ஊர்ந்து போகலாம். நாம் கூண்டுக்குள், மிருகங்கள் வெளியே! வரிக்குதிரையும் மானும் சாலையை மறித்துக்கொண்டு காரட் கேட்டன. லாமா ஒன்று கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி, சின்னவள் மடியிலிருந்த கட்டையே இழுக்கப் பார்த்தது. அவள் போட்ட கூச்சலில் லாமாதான் பயந்திருக்கும். ஜாவாவின் காட்டுமாடான பாந்தெங்கையும் கண்டோம். ஆணுக்குக் கருமேனி, கால்களில் வெள்ளைக் காலுறை போட்டது போன்ற நிறம்.

2017-இல் இங்கே வந்த சிலர் மானுக்கும் நீர்யானைக்கும் மதுவை ஊற்றிப் படம் பிடித்தார்கள். நாடே கொதித்தது. சம்சுவால் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்த தோட்டத்து ஆசிரியன் நான். அந்த வாயில்லாப் பிராணிகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

புலிகள் பகுதிக்குள் நுழையுமுன் கண்ணாடியை ஏற்றச் சொன்னார்கள். சுமத்ராப் புலி ஒன்று பாறைமேல் படுத்திருந்தது. எங்களை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. காட்டில் இவ்வினம் சில நூறே எஞ்சியிருக்கிறது. நம் மலாயாப் புலியோ 150-க்கும் குறைவு என 2022-இல் அறிவித்தார்கள். காடு அழிந்ததும் ஒரு காரணம். அந்த அழிவில் நமக்குச் சோறு போடும் செம்பனைக்கும் பங்குண்டு. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது எனக்கே குரல் இறங்கிவிட்டது.

ஓட்டுநர் உள்ளூர்க்காரர். அவர்தான் சொன்னார், இது முன்பு தேயிலைத் தோட்டம் என்று. விளைச்சல் குன்றிப்போன அந்த நிலத்தில் சர்க்கஸ் நடத்திய குடும்பத்துச் சகோதரர்கள் மூவர் 1980-இல் பூங்கா வேலையைத் தொடங்கினார்கள். 1986-இல் அது திறக்கப்பட்டது.

அதுவரை புலியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பினார். "அப்போ இங்க கொழுந்து எடுத்த சனங்க?"

"என் பாட்டி இந்தப் பக்கம் கொழுந்து எடுத்தவர்தான், இபு. பிறகு காரட் விற்றார். என் அண்ணனுக்குப் பூங்காவில் வேலை" என்றார் ஓட்டுநர்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. முப்பத்தொரு வருடம் பால்மரம் வெட்டியவர் அவர். எங்கள் தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியானபோது, லயத்தைக் காலி செய்ய மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள். எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு கார் நிறுத்துமிடம். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் வண்டியை நிறுத்தச் சொல்வார், இறங்க மாட்டார்.

பிள்ளைகள் யானையைப் பார்க்க வேண்டும், பாண்டாவைப் பார்க்க வேண்டும் என்று படுத்திய பாட்டை இங்கே எழுதப் புகுந்தால் பக்கம் போதாது. எல்லாம் பார்த்தோம்.

பிற்பகல் இன்னும் மேலே, குனோங் மாஸ் தேயிலைத் தோட்டம். இது இன்றும் தோட்டமாகவே இருக்கிறது. மலை முழுக்கப் பச்சைக் கம்பளம், இடையிடையே மூடுபனி. துணைவியாரும் பிள்ளைகளும் படம் எடுக்கப் போய்விட்டார்கள். அம்மா மட்டும், கூடையை இறக்கி வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய் உட்கார்ந்தார். எத்தனை வருடம் வேலை, கிலோ கணக்கா நாள் சம்பளமா, வீடு யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இருபத்தாறு வருடம், கிலோ கணக்கு, வீடு தோட்டத்துடையது.

"வேலை முடிஞ்ச பிறகு எங்க போவே?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கீழே கிராமத்தைக் காட்டினார். அண்ணன் வீடாம். அம்மா அவர் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். தம் கையையும் விரித்துக் காட்டினார். பிறகு வேனுக்கு வந்து, மீதியிருந்த ஒரு கட்டு காரட்டை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறினார்.