கேட்கத் தெரிந்த மேடை

2020ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. கொரோனா நோய்த்தொற்றை முன்னிட்டு நாடெங்கும் மக்கள் ஊரடங்கு கடைப்பிடிக்கப்பட்ட நாள். கோவில் கதவை அடைத்துக்கொண்டு, வெற்று இருக்கைகளை நோக்கித் திருப்பலி நிறைவேற்றினோம். அன்றைய நற்செய்தி, பிறவியிலேயே பார்வையற்றிருந்த மனிதரைப் பற்றியது. அவர் பார்வை பெற்றதைக் குறித்துப் பரிசேயர் அவருடைய பெற்றோரைத் துருவித் துருவிக் கேட்கின்றனர். அச்சத்தால் அவர்கள், மகனையே கேட்டுக்கொள்ளுமாறு சொல்லி விலகிக்கொள்கின்றனர். அதுவரை வழியோரத்தில் கையேந்தி அமர்ந்திருந்தவர், கற்றோர் நடுவே நிமிர்ந்து நின்று தம் கதையைத் தாமே சொல்கிறார்.

அதே ஞாயிறன்று சென்னையில் விசு காலமானார் என்ற செய்தி வந்தது. எளிய மனிதர்களை மேடையேற்றிப் பேச வைத்தவர், எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நாளில் சென்றுவிட்டார். நம் உள்ளத்தில் பழைய கடன் ஒன்று புரண்டது. அக்கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

விசு என்னும் விஸ்வநாதன் 1945ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் பிறந்தவர். நாடக மேடையில் வளர்ந்து, இயக்குநர் பாலசந்தரிடம் திரைத்தொழில் பயின்றவர். 1981இல் வெளிவந்த 'தில்லு முல்லு' படத்தின் உரையாடல் அவருடையது. அடுத்த ஆண்டு 'மணல் கயிறு' படத்தை எழுதி இயக்கி, நாரதர் நாயுடுவாக நடித்தும் புகழ் பெற்றார். 1986இல் ஏ.வி.எம். நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' பொழுதுபோக்குப் படத்துக்குரிய தேசிய விருதைப் பெற்றது. அப்படத்தில் அம்மையப்ப முதலியாரின் மகள் ஒரு கிறிஸ்தவ இளைஞனை மணக்கிறாள். சம்பந்தி ஆல்பர்ட் பெர்னாண்டஸாக விசுவின் உடன்பிறந்த கிஷ்முவே நடித்தார். கேலிப்பொருளாக்காமல் ஒரு கிறிஸ்தவத் தந்தையைக் கண்ணியத்துடன் திரையில் நிறுத்திய அந்தப் பாங்கை நம் இல்லங்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கின்றன.

ஆயினும் அவரைத் தமிழ்நாட்டின் வரவேற்பறைகளுக்கு நெருக்கமாக்கியது திரைப்படத்தைக் காட்டிலும் தொலைக்காட்சியே. 1993ஆம் ஆண்டு தமிழ்ப் புத்தாண்டன்று சன் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. அதன் தொடக்க ஆண்டுகளிலேயே வேரூன்றிய நிகழ்ச்சி 'அரட்டை அரங்கம்'. பிற்பாடு ஜெயா தொலைக்காட்சியில் 'மக்கள் அரங்கம்' என்ற பெயரில் அவர் அப்பணியைத் தொடர்ந்தார்.

அரங்கின் அமைப்பு எளிது. ஊர் ஊராகச் செல்வது; ஒரு தலைப்பைக் கொடுப்பது; இரு பக்கமாக மக்களை அமர்த்துவது; ஒலிபெருக்கியை அவர்கள் கையில் கொடுப்பது. பட்டிமன்றத்தில் பேசுவோர் பேராசிரியர்களும் புலவர்களும். இங்கோ மாணவி பேசினாள்; ஓய்வுபெற்ற எழுத்தர் பேசினார்; அதுவரை அடுக்களை தாண்டிக் குரல் எழுப்பியிராத இல்லத்தரசி பேசினார். பேச்சு தடுமாறினால் விசு எடுத்துக்கொடுத்தார், நீண்டால் வெட்டினார், கண்ணீர் வந்தால் காத்திருந்தார். படிப்பைத் தொடர வழியில்லை என்று மேடையில் சொன்ன பிள்ளைகள் பலருக்கு அங்கிருந்தே உதவிக்கரம் நீண்டது.

அந்நிகழ்ச்சி ஞாயிறு முற்பகலில் வந்ததே நமக்கு இடறலாயிற்று. அப்போது நாம் சமவெளிப் பங்கொன்றில் இளங்குரு. இறையியல் படிப்பின் சூடு தணியாத வயது. மறையுரை முப்பது நிமிடத்தைத் தாண்டும். பின்வரிசையில் கைக்கடிகாரங்கள் திரும்பும். நற்கருணை வழங்கி முடியுமுன்னே சிலர் படியிறங்கிவிடுவர். ஒரு ஞாயிறு பொறுமையிழந்து, "ஆண்டவரைவிட உங்களுக்கு அரட்டை பெரிதாகிவிட்டதா?" என்று பீடத்தில் நின்றே இடித்துரைத்தோம்.

திருப்பலி முடிந்ததும் ஒரு மூதாட்டி வந்தார். கைம்பெண்; வாரம் தவறாமல் முதல் வரிசையில் அமர்பவர். சினமின்றிச் சொன்னார்: "இங்கே சாமி பேசுறீங்க, நாங்க கேக்குறோம். அங்கே எங்களை மாதிரி ஆளுங்க பேசுறாங்க சாமி. அதான் பார்க்குறோம்."

சிரித்துக்கொண்டே ஆசீர் அளித்து அனுப்பிவிட்டோம். இரண்டு ஆண்டுகள் கழித்து, மாற்றல் பெற்றுப் புறப்படும் வேளையில்தான் தெரியவந்தது: அவருடைய பேத்தி பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றிருந்தாள். கட்டணம் கட்ட வழியில்லை. அத்தனை ஞாயிறுகளும் அந்தப் பிள்ளை நம் கண்முன்னே பாட்டியின் அருகில்தான் அமர்ந்திருந்தாள். ஒரு முறையேனும் அவளைப் பார்த்து, "என்னம்மா, இப்போது என்ன படிக்கிறாய்?" என்று கேட்டதில்லை. நம் மேசை இழுப்பறையில் கல்வி உதவிக்கான விண்ணப்பப் படிவங்கள் இருந்தன. கேள்விதான் நம்மிடம் இல்லை.

அன்று அம்மூதாட்டி சொன்னது தொலைக்காட்சிக்குப் பரிந்த பேச்சன்று, ஒரு விண்ணப்பம். அதை விவாதமாகக் கருதிச் சிரித்து வைத்தோம்.

விசுவின் அரங்கம் குறையற்றது என்று சொல்ல வரவில்லை. பிறர் துயரைக் காட்சிப்பொருளாக்கும் அபாயம் அதில் இருந்தது. அழுகையை நெருங்கிச் செல்லும் ஒளிப்படக்கருவிக்கு வெட்கம் கிடையாது. உதவி பெற ஒருவர் ஊரறியத் தம் வறுமையைச் சொல்லித்தான் ஆகவேண்டுமா என்ற கேள்வியும் நியாயமானதே. ஒப்புரவு அருட்சாதனத்தில் குரு கேட்பது எவர்க்கும் வெளிப்படாது. ஆனால் அந்தக் கண்ணியத்தைக் காரணம் காட்டி, கேட்கவே மறந்துபோன நாம், மேடையிலே கேட்டவரைப் பழிக்க என்ன தகுதி உடையோம்?

இன்று இவ்வெண்ணங்களை எழுதுவது ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் இருந்து. சாமையும் புளியும் தேனும் விளையும் மலை. மலையாளிப் பழங்குடி மக்களின் தாயகம். ஊரின் பெயரை உலகறியச் செய்தது இங்குள்ள வான் ஆய்வுக்கூடம். 93 அங்குல விட்டமுள்ள ஆடியைக் கொண்ட அதன் பெரிய தொலைநோக்கி, அறிஞர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி, 1986ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தியால் திறந்து வைக்கப்பட்டது. ஞானிகளுக்கு விண்மீன் வழிகாட்டியதை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழாவின் மரபுவழி நாள் அது.

தொலைநோக்கியின் ஆடி தானாக ஒளி வீசுவதில்லை. வந்து சேரும் ஒளியை ஏந்திக் குவிப்பதே அதன் பணி. ஆடி எவ்வளவு பெரிதோ, அவ்வளவு மங்கலான மீனும் புலப்படும். சுற்றிலும் விளக்கு மிகுந்தால் ஆடி பெரிதாக இருந்தும் பயன் குறைகிறது. 1977ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. கோள் நெருங்குமுன்னரே அம்மீனின் ஒளி சிறிது நேரம் மங்கி மீண்டது காவலூரிலும் பதிவாயிற்று. அந்தச் சிறு மங்கலைப் பிற இடங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரியவந்தது. நம் பங்கின் முதல் வரிசையில் மாதக்கணக்கில் மங்கியிருந்த ஒரு முகத்தை நாமோ பதிவு செய்யவில்லை. நம் பீடத்தில் நம்முடைய விளக்கே அதிகமாக எரிந்துகொண்டிருந்தது.

செவிகொடு என்பதே இஸ்ரயேலுக்குத் தரப்பட்ட முதன்மைக் கட்டளையின் தொடக்கம். எகிப்தில் அடிமைகளின் அழுகுரலைக் கேட்டதாகவே கடவுள் மோசேயிடம் தம்மை வெளிப்படுத்துகிறார். எரிகோ வழியில் பார்வையற்ற பர்த்திமேயு கூவி அழைத்தபோது, வாயை மூடச் சொன்னது இயேசுவைச் சூழ்ந்து நடந்த கூட்டம். இயேசுவோ நின்றார், அழைத்தார், என்ன வேண்டுமென்று கேட்டார். குறை கண்ணுக்குத் தெரிந்தே இருந்தது; ஆயினும் அவன் வாயாலேயே சொல்ல இடமளித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாள் செய்திக்கு, இதயத்தின் செவியால் கேட்பதையே பொருளாகக் கொண்டார். 2021இல் தொடங்கி 2024இல் நிறைவுற்ற உலக ஆயர் மாமன்றமும், திருச்சபை ஒன்றாக நடக்க வேண்டுமாயின் முதலில் ஒருவருக்கொருவர் செவிமடுக்க வேண்டும் என்பதையே மீண்டும் மீண்டும் வற்புறுத்தியது.

இப்போது நம் மறையுரை பத்து நிமிடம். திருப்பலிக்குப் பின் கோவில் திண்ணையில் அமர்கிறோம். அங்கே ஒலிபெருக்கியும் இல்லை, தலைப்பும் இல்லை. தொடக்கத்தில் எவரும் பேசவில்லை. கேட்கப்படாமலே பழகியவர்கள், கேட்பார் வந்ததும் உடனே நம்பிவிடுவதில்லை. பல ஞாயிறுகள் வெறுமனே அமர்ந்தோம். பின்னர் ஒருவர் குடும்ப அட்டையைப் பற்றிப் பேசினார். ஒரு தாய், விடுதியிலிருந்து ஓடிவந்துவிட்ட மகனைப் பற்றிப் பேசினார். எல்லாவற்றுக்கும் நம்மிடம் தீர்வு இல்லை. ஆனால் பள்ளிக்குச் செல்லாத பிள்ளையின் செய்தி நம்மை வந்தடைய இப்போது இரண்டு ஆண்டுகள் ஆவதில்லை.

சமவெளியில் அந்த மூதாட்டி இறைவனடி சேர்ந்துவிட்டார். பேத்திக்கு மணமாகிவிட்டதாகக் கேள்வி. அவள் இழந்த வகுப்புகளைத் திருப்பித் தர நம்மால் இயலாது.

அன்பார்ந்த இறைமக்களே, உங்கள் வீட்டிலும் முதல் வரிசையில் அமர்ந்து, பேசாமலேயே இருக்கும் ஒருவர் இருக்கலாம். இந்த ஞாயிறு தொலைக்காட்சியைச் சற்று நிறுத்திவிட்டு அவரைக் கேளுங்கள். பதில் வரத் தாமதமாகலாம். எழுந்துவிடாதீர்கள்.